எக்செல்லில் பொருளின் குறியீட்டைப் பட்டியலில் தேடி விலையை எடுத்துத் தரும் வி-லுக்அப் (VLOOKUP) சூத்திரம், சில வரிகளில் மட்டும் தவறான விலையைத் தருவது ஏன்?

பெரும்பாலும் சூத்திரத்தின் நான்காவது உள்ளீட்டை விட்டிருப்பீர்கள். அதை விட்டால் எக்செல் தோராயப் பொருத்தம் தேடும். பட்டியலின் முதல் நெடுவரிசை ஏறுவரிசையில் இருப்பதாக எடுத்துக்கொண்டு வேறொரு பொருளின் விலையைத் தந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராததுதான் இதில் பெரிய ஆபத்து. அந்த இடத்தில் 0 போடுங்கள்.

போட்டபின் சில வரிகளில் பிழை வந்தால் நல்லதே, கோளாறு கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு பட்டியலில் பொருளின் குறியீடு எண்ணாகவும் மற்றதில் உரையாகவும் இருக்கலாம். வேல்யூ சூத்திரத்தால் எண்ணாக்குங்கள். குறியீட்டின் கடைசியில் ஒட்டிய இடைவெளியை ட்ரிம் சூத்திரம் நீக்கும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த தரவில் வரும் 160ஆம் எண் இடைவெளியை (பார்க்கச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும் வேறொரு எழுத்துரு) ட்ரிம் தொடாது. சப்ஸ்டிட்யூட் சூத்திரத்தில் சார்(160) கொடுத்துத்தான் அகற்ற வேண்டும்.

ஒரே குறியீடு இருமுறை இருந்தால் முதல் வரி மட்டுமே கிடைக்கும். டேட்டாபேஸில் அதை ப்ரைமரி கீ (ஒவ்வொரு பதிவுக்கும் தனித்து இருக்க வேண்டிய அடையாளம்) ஆக்கினால் இரண்டாவது பதிவு உள்ளேயே வராது.