ட்ரின்னி லண்டனும் ஸ்டேசி லண்டனும்

ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, ‘ட்ரின்னி லண்டன்’ என்ற அழகுசாதன நிறுவனம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆடை ஆலோசனை சொன்ன ஸ்டேசி லண்டனுடையதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது ஸ்டேசியின் நிறுவனம் இல்லை. 2017-இல் அதைத் தொடங்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த ட்ரின்னி வுட்ஆல். பெயரில் உள்ள லண்டன் ஊர். ஸ்டேசிக்கு அது குடும்பப் பெயர்.

‘வாட் நாட் டு வேர்’ (எதை உடுத்தக் கூடாது) என்ற ஒரே பெயரில் இரண்டு தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வந்ததுதான் உங்களைக் குழப்பியிருக்க வேண்டும். பிபிசியில் 2001-இல் வந்தது ட்ரின்னியுடையது. 2003-இல் தொடங்கிய அமெரிக்கப் பதிப்புதான் ஸ்டேசியுடையது.

உங்களிடம் உள்ள கட்டுரையில் கூட நிகழ்ச்சி நடத்தியவராக யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். சுசானா கான்ஸ்டன்டைன் என்றால் அது ட்ரின்னி. கிளின்டன் கெல்லி என்றால் ஸ்டேசி.

அப்புறம், ட்ரின்னியைப் பற்றி “இணைய நிறுவனம் தோற்றது” என்ற வரியைப் படித்து ட்ரின்னி லண்டன் மூடப்பட்டதாக எழுதிவிடாதீர்கள். அது அவரும் சுசானாவும் முன்பு நடத்திய ‘ரெடி2ஷாப்’. பிபிசி நிகழ்ச்சிக்கு முன்பே, இணைய நிறுவனங்கள் பல விழுந்த டாட்காம் சரிவில் போய்விட்டது. ட்ரின்னி லண்டனின், ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகி அடுக்கும் சிறு மேக்கப் டப்பாக்கள் வந்ததெல்லாம் வெகு காலம் கழித்துத்தான்.

ஒன்று மட்டும் கவனம்: ஸ்டேசியும் பின்னாளில் தொழிலில் இறங்கியவர்தான், மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கான பொருள்களோடு. அதனால் “நிகழ்ச்சி நடத்தியவரின் சருமப் பராமரிப்பு நிறுவனம்” என்று மட்டும் இருந்தால் ட்ரின்னி என்று முடிவு கட்ட வேண்டாம்.