ஆதாரும் சம்பளமும் காண்ட்ராக்டரிடம்: லைன் வீட்டுப் பையன்களுக்கு என்ன வழி?

கேள்வி: திருப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து லைன் வீட்டில் பீகாரிலிருந்து வந்த நான்கு பையன்கள் தங்கியிருக்கிறார்கள். பார்த்தால் பதினைந்தைத் தாண்டாது. பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை, தினமும் ஒன்றரை ஷிப்ட், சில நாள் விடிய விடிய. சம்பளத்தை ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருவதாகச் சொல்லி காண்ட்ராக்டரே வைத்திருக்கிறார். ஆதார் அட்டையும் அவரிடம்தான். போன வாரம் ஒருவன் முதுகில் அடித்த தடம் இருந்தது. காண்ட்ராக்டரைக் கேட்டேன். "ஆதாரில் வயசு 18, அவங்கப்பாவுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கேன்" என்றார். புகார் செய்தால் பையன்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமா? நமக்கெதுக்கு வம்பு என்கிறார் என் கணவர்.

பதில்: சகோதரி, பையன்கள் குற்றவாளிகள் ஆக மாட்டார்கள். தொழிலாளர் சட்டத்தை மீறி வேலை வாங்கப்படும் 18 வயதுக்குட்பட்ட எவரையும் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றுதான் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. மீட்டவர்கள் அவர்களை 24 மணி நேரத்துக்குள், இப்படிப்பட்ட குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்க முடியாது.

இனிமேல் காண்ட்ராக்டரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். சந்தேகம் வந்தால் ராவோடு ராவாகப் பையன்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்து, வீடு எங்கே இருக்கிறது, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வேலைக்குப் போய் எப்போது திரும்புகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுத்து வாட்ஸப்பில் போடாதீர்கள். இப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். அதற்குள் ஒரு பையன் தப்பி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் சோறு போடுங்கள், ஆனால் சொல்லாமல் வைத்துக்கொள்ளாதீர்கள். துணையில்லாத குழந்தை நம் பொறுப்பில் வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தருவது கட்டாயம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

அந்த ஆதார் விஷயம். பிறந்த தேதிக்கு ஆதாரை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியிருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு முதலில் கேட்பது பள்ளிச் சான்றிதழை. அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. எந்த ஊர், எந்தப் பள்ளி, எத்தனாவது வரை படித்தாய் என்று பையனிடம் சாதாரணமாகப் பேசித் தெரிந்துகொண்டால் அதுவே பெரிய உதவி.

14 முடிந்தவர்கள் ஆபத்தில்லாத வேலை செய்யலாமே என்று காண்ட்ராக்டர் வாதாடுவார். செய்யலாம்தான். ஆனால் ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது, ஓவர்டைமும் கூடாது. ஒன்றரை ஷிப்ட் என்றாலே சட்டமீறல். கூலியைப் பிடித்து வைப்பதற்கு இளைஞர் நீதிச் சட்டம் 79ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பெற்றோருக்குப் பணம் கொடுத்து, சுரண்டுவதற்கென்றே பிள்ளைகளைக் கூட்டிவந்தது நிரூபணமானால், அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 143ஆவது பிரிவின்படி ஆள்கடத்தல். பையனே விரும்பி வந்தான் என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் குறைந்தது 14 ஆண்டு சிறை. அட்வான்ஸ் கடன் கொத்தடிமைக் கடனாகத் தெரியவந்தால், 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அதைத் திருப்பித் தரவே வேண்டியதில்லை.

எனக்குக் கவலை மீட்புக்குப் பிறகு நடப்பதில்தான். நான்கு நாள் காப்பகத்தில் வைத்துவிட்டு, தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏற்றி அனுப்பினால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். கூலிப் பாக்கி இங்கேயே நின்றுவிடுகிறது. வெறுங்கையோடு போன பையனை, வீட்டுக் கடனைக் காட்டி இன்னொரு ஏஜென்ட் கூட்டிப்போகிறான். அதனால் ரயில் ஏறுவதற்கு முன்னால் சில காரியங்கள் முடிந்தாக வேண்டும். இந்தியோ மைதிலியோ தெரிந்தவரை வைத்துப் பையனின் வாக்குமூலம் பதிவாக வேண்டும். எத்தனை நாள் வேலை, எவ்வளவு பாக்கி என்பது அதில் இருக்க வேண்டும். கொத்தடிமை நிலை என்றால் கோட்டாட்சியரிடம் விடுவிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். மத்திய அரசின் திட்டத்தில் 30,000 ரூபாய் வரை உடனடி உதவி உண்டு, அதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பணம் பையன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு வாங்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100. குழந்தைகளுக்கு வருமான வரம்பு கிடையாது.

இன்னொன்று. மீட்ட மறுநாளே "நான் இவன் மாமா" என்று ஒருவர் வந்து நிற்கலாம். பல சமயம் அது காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள். பீகாரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வீட்டுக்கே போய் விசாரித்து அறிக்கை தரும்வரை யாரிடமும் பையனை ஒப்படைக்கக் கூடாது. அப்படி யாராவது உங்கள் கடைக்கு வந்து விசாரித்தால், அதையும் நலக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.