கிறைண்டர் தூளைக் கழுவலாமா, வக்கியூம் பிடிக்கலாமா?

வீட்டோடு ஒட்டி இறக்கிய பத்தியில் கிறைண்டரால் இரும்பு வெட்டி, தேய்த்துக் கேற், கிறில் வேலை செய்வதாகவும், கறுப்புத் தூள் குசினி வரை வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பின்பத்தியில் இதே வேலைதான் செய்கிறேன்.

முதலில், தண்ணீர் வாளியைத் தூர வையுங்கள். அந்தத் தூள் இரும்பும் தேய்ந்த கல்லும் கலந்தது. இரும்பு அவ்வளவு பொடியாக இருக்கும்போது நனைந்தால் விடிவதற்குள் கறள் கட்டிவிடும். நம் பக்கத்து உப்புக்காற்று வேறு. கழுவிய தண்ணீர் ஓடிய வழியெல்லாம் செம்மஞ்சள் கோடு விழும்.

உடைந்த ஸ்பீக்கரில் இருந்து ஒரு காந்தம் கழற்றிக்கொள்ளுங்கள். சொப்பிங் பைக்குள் போட்டு, நிலத்தில் முட்டாமல் ஒரு விரல் அகல உயரத்தில் மெதுவாக இழுத்தால் தூள் எழும்பி வந்து முள்ளுமுள்ளாகப் பையில் சிலிர்த்து நிற்கும். பிறகு பழைய ரின்னுக்கு மேலே பிடித்து, பையை உள்வெளியாகப் புரட்டிக்கொண்டே காந்தத்தை உருவ வேண்டும். தூள் பைக்குள் அடங்கிவிடும். பை இல்லாமல் வெறும் காந்தத்தை மட்டும் வைக்காதீர்கள், ஒட்டியதை வழித்தெடுக்க முடியாது. இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் அடிப்பக்கம், மேசைக்கால் மூலைகளில்தான் நிறையக் கிடக்கும்.

காந்தத்துக்கு வராத கல்தூளை, நனைத்துப் பிழிந்த பேப்பர்த் துண்டுகளைத் தூவித் தும்புத்தடியால் கூட்டுங்கள். வெறுமனே கூட்டினால் பாதி மூக்குக்குள்தான் போகும். கொம்பிரசர் காற்றால் ஊதுவது அதைவிட மோசம்.

வீட்டு வக்கியூம் வேண்டாம். அணையாத ஒரு பொறி உள்ளே போனால் பேப்பர்ப் பை பற்றிக்கொள்ளும். மரத்தூள் இழுத்த வக்கியூம் என்றால் சொல்லவே தேவையில்லை.

உண்மையில் கூட்டுவதைவிட, தூள் பறக்கும் திசையை மாற்றுவதில்தான் பலன் இருக்கிறது. சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்த மாதங்களில் மேசைக்கு வடகிழக்கில் குசினி இருந்தால் தூள் நேரே அங்கேதான். மேசையை இடம் மாற்ற முடியாவிட்டால், பொறி பறக்கும் பக்கம் ஒரு தகரத்தை நிறுத்தி, அதில் ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள். துணி மாஸ்க் இந்தத் தூளுக்குக் காணாது, என்95 மாஸ்க் போடுங்கள். பழைய பெயின்ற் கேற்றுகளில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதற்குக் கட்டாயம் வேண்டும்.

வேலைச் சாரத்தைப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையோடு ஊறப்போடாதீர்கள். கறள் புள்ளி விழுந்துவிட்டால் பிளீச் ஊற்ற வேண்டாம், கறள் இன்னும் இறுகும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்துச் சற்று வைத்துக் கழுவினால் இளகும். சீமெந்து நிலத்தில் அதைச் செய்யாதீர்கள், புளி சீமெந்தை அரிக்கும்.

சரி, ஒன்றை நீங்கள் எழுதவில்லை: அலுமினிய யன்னல் வேலையும் செய்கிறீர்களா? அப்படியென்றால் அதை வேறு இடத்தில், வேறு நாளில், இரும்புத்தூளை முழுக்க எடுத்த பிறகு செய்யுங்கள். அலுமினியத்தூளைக் காந்தம் எடுக்காது. கறள்தூளோடு அது கலந்து கிடந்து, பலமான ஒரு பொறி பட்டுப் பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. ரயில் தண்டவாளங்களை ஒட்டவைக்கக் கொளுத்துவதும் இதே கலவைதான். அதற்கும் தண்ணீர் ஊற்றக்கூடாது. பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வைத்திருங்கள்.