பழைய டிராக்டர், மேனுவல் இல்லை: எந்த லீவர் எதற்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கார் ஓட்டத் தெரியும், ஆனால் கைக்கு வந்திருக்கும் பழைய டிராக்டரில் எழுத்தெல்லாம் அழிந்துபோன லீவர்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வண்டிகளோடு மல்லுக்கட்டிப் பழகியவன் என்ற முறையில் நான் முதலில் சொல்வது: கிளப்பக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

பழைய டீசல் டிராக்டர்கள் பலவற்றில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. ஓடத் தொடங்கிவிட்ட டீசல் எஞ்சினுக்கு மின்சாரம் தேவையில்லை, டீசல் வரத்தை அடைத்தால்தான் அணையும். அதற்கென்று இழுக்கும் குமிழ் ஒன்று டேஷ்போர்டிலோ ஸ்டீயரிங் அருகிலோ இருக்கும். அதிலிருந்து போகும் கேபிளைக் கண்ணாலேயே தொடர்ந்து போய், டீசல் பம்பில் எந்தக் கையை (சிறு நெம்புகோலை) இழுக்கிறது என்று பார்த்து வையுங்கள். என்றைக்காவது கேபிள் அறுந்தால் அந்தக் கையை நேரடியாக நகர்த்தி நிறுத்திவிடலாம்.

மற்ற லீவர்களுக்கும் இதே வழிதான். எஞ்சின் ஓடாதபோது ஒவ்வொன்றாக அசைத்து, அதன் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று குனிந்து பாருங்கள். பழைய வண்டியில் பாதிக்கு மேல் வெளியிலேயே தெரியும். தேவைப்பட்டால் கம்பியில் படிந்திருக்கும் கிரீஸையும் மண்ணையும் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கார் பழக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். 1946 முதல் 1956 வரை வந்த ஃபெர்குசன் டிஇ20-இல் ஸ்டார்ட்டர் பட்டனைத் தேடினால் கிடைக்காது. கியர் லீவரை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். கியரில் இருக்கும்போது தவறிக்கூட ஸ்டார்ட் ஆகாது, நல்ல யோசனை. பழைய ஜான் டீர் ஏ, பி மாடல்களில் கிளட்ச் கையில் இருக்கும். முன்னால் தள்ளினால் பிடிக்கும், பின்னால் இழுத்தால் விடும். கிளட்ச் என்று நினைத்து இடது காலை அழுத்தினால் இடது பக்க பிரேக் பிடிக்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். ஃபோர்டு 9என்-இல் கிளட்சும் இடது பிரேக்கும் ஒரே பக்கம். 1947-இல் வந்த 8என்-இல்தான் இரண்டு பிரேக்கையும் வலப்பக்கம் கொண்டுபோனார்கள்.

இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று பிரேக் இரண்டாக இருப்பது வயல் மூலையில் சட்டென்று திரும்புவதற்காக. ரோட்டில் ஏறும்போது, இரண்டையும் சேர்க்கும் கொக்கி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி கவிழும்.

ஆக்ஸிலேட்டர் பெரும்பாலும் கை லீவர்தான். வைத்த இடத்திலேயே நிற்கும், காலை எடுத்தால் வேகம் குறைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இங்கே செல்லாது. கியரை ஓட்டத்தில் மாற்றவும் முயல வேண்டாம். நின்று மாற்றுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பி.டி.ஓ., அதாவது எஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் தண்டு. இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பழைய வண்டிகள் பலவற்றில் பி.டி.ஓ. கியர்பாக்ஸ் வழியாகத்தான் சுற்றும். பின்னால் புல்வெட்டி போன்ற கனமான சுழலும் கருவி மாட்டியிருந்தால், நீங்கள் கிளட்சை மிதித்த பிறகும் அந்தக் கருவியின் சுழற்சி வேகம் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். கிளட்ச் மிதித்தாயிற்று, வண்டியோ வேலியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்! பி.டி.ஓ. தண்டில், கருவியின் சுழற்சி வண்டிக்குத் திரும்பி வராமல் தடுக்கும் ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற துண்டை மாட்டினால் இந்தத் தொல்லை தீரும். இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டி என்றால், பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். கருவி எதுவும் மாட்டாமல், பி.டி.ஓ. தண்டைத் தள்ளி நின்று ஒருவர் பார்த்துச் சொல்ல, பெடலை மெதுவாக மிதித்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கலப்பை போன்ற கருவியைத் தூக்கி இறக்கும் லிஃப்ட் லீவரைக் கடைசியாகப் பழகலாம். எஞ்சின் அணைந்திருந்தாலும் அதைக் கீழே தள்ளினால் தூக்கி வைத்த கலப்பை தன் எடையிலேயே இறங்கிவிடும். அதனால் இறங்கிப் போவதற்கு முன் கலப்பையைத் தரையில் வைத்துவிடுங்கள். குழந்தைகள் சீட்டில் ஏறி விளையாடும் இடம் என்றால் இன்னும் கவனம்.