நொதித்த ஊறலை டிரம்மிலிருந்து பாய்லருக்கு மாற்ற எந்த பம்ப் வாங்கலாம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டனில். 1996-லிருந்து இங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்சி வடிக்கலாம், விற்றால்தான் குற்றம். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் இத்தோடு மூடிவிடுங்கள். கள்ளச்சாராயம் என்று எனக்குப் பாடம் எடுக்கவும் வராதீர்கள்.

நீங்களும் என்னைப் போல 60 லிட்டர் டிரம்மைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவராகத்தான் இருப்பீர்கள். நான் முதலில் வாங்கியது, பீர் காய்ச்சுகிறவர்கள் வைத்திருக்கும் சின்ன காந்த டிரைவ் பம்ப். சர்க்கரை ஊறலுக்கு ஒரு குறையும் இல்லை. மக்காச்சோளம் போட்ட அன்றுதான் வினை. ஊர்க் கிணற்று மோட்டார் மாதிரி இதற்கும் தானாக உறிஞ்சத் தெரியாது என்று டிரம்முக்குக் கீழேதான் வைத்திருந்தேன். மோட்டார் உறுமுகிறது, குழாயில் சொட்டு நகரவில்லை. நாலு திருகைக் கழற்றித் திறந்தால், உள்ளே சுழன்று தள்ளும் சக்கரத்தின் (இம்பெல்லர்) இறக்கைகளுக்கு நடுவில் சோளத்தோல் கெட்டிக் கூழாக அப்பிக் கிடக்கிறது.

அப்புறம் ரப்பர் இம்பெல்லர் பம்புக்கு மாறினேன். படகுகளில் இருக்குமே, அந்த வகை. தானாக உறிஞ்சும், கொஞ்சம் சக்கை வந்தாலும் தள்ளிவிடும். ஆனால் வெறுமனே ஓடக் கூடாது. அரை நிமிடமே அதிகம். ஒரு நாள் பம்ப் ஓடும்போது ஊரிலிருந்து மாமா போன். "இன்னும் சாராயந்தான் காய்ச்சுறியாடா?" இதைக் கேட்க ஐ.எஸ்.டி. போட்டாராம்! அவர் மகன் வாரம் மூன்று நாள் டாஸ்மாக்கில் நிற்பது மட்டும் கௌரவம். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் டிரம் காலி, கராஜ் முழுக்க ரப்பர் கருகிய வாடை, இம்பெல்லரில் இரண்டு இறக்கைகள் இல்லை.

கேரவனில் வைக்கும் டயாஃப்ரம் பம்ப் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், ஆனால் அதன் வால்வில் உமி சிக்கினால் அதோடு சரி. எந்த பம்பானாலும் ஊறலை நைலான் பையில் வடிகட்டி, ஓர் இரவு தெளியவிட்டு மாற்றுங்கள். பாய்லரில் மின்சார காயில் இருந்தால் சக்கை அதில் ஒட்டிக் கருகும். அந்த வாடை வடித்த சரக்கிலும் ஏறும். நான் இப்போதெல்லாம் டிரம்மை மேஜைமேல் வைத்துத்தான் ஊறலே போடுகிறேன். பாதி நாள் வெறும் குழாயே போதுமாக இருக்கிறது.

மறந்துவிட்டேன், வடித்த சரக்கை இந்த பம்பில் விடாதீர்கள். 40 சதவீதச் சரக்கின் ஆவி சுமார் 26 டிகிரியிலேயே தீப்பற்றும். மோட்டாரில் ஒரு பொறி போதும். அதற்குப் புனல்தான்.