பால் ஆகாதவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். எனக்கும் பால் ஆகாது, அதனால் பாதி படிப்பு, பாதி பட்டறிவு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, சின்ன வயதில் டம்ளர் டம்ளராகக் குடித்தவன் நான். இப்போது 35. குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி ஓட வேண்டியிருக்கிறது. திடீரென்று ஏன்?

திடீரென்று இல்லை தம்பி, மெல்ல மெல்ல வந்திருக்கும், நீங்கள் கவனித்தது இப்போதுதான். பாலில் இருக்கும் சர்க்கரைதான் லாக்டோஸ். சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி அதை வெட்டிப் பிரித்தால்தான் உடம்பில் சேரும். பால்குடி மறந்த பிறகு அந்த நொதி குறைந்துகொண்டே போவது உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு இயல்பு, நோய் இல்லை. வெட்டுப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்குள்ள பாக்டீரியா அதைத் தின்று காற்றை உண்டாக்கும், அந்தக் கடமுடா சத்தம் அதுதான். வயிற்றுப்போக்கு வந்து படுத்து எழுந்தவர்களுக்கும் சில வாரம் இப்படி இருந்து தானாகச் சரியாவது உண்டு. ஆனால் எடை குறைகிறது, மலத்தில் ரத்தம் என்றால் பால் மேல் பழி போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக்கை, அதுதான் டின்பால் ஊற்றி ஆற்றித் தரும் தேநீரை, விட வேண்டுமா? அதைத் தவிர எதையும் கேளுங்கள்.

விட வேண்டாம், எண்ணுங்கள். ஒரு கிளாஸ் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ். தே போடுபவர் கையைப் பாருங்கள், இனிப்பான கெட்டி டின்பாலை இரண்டு கரண்டி சரித்து ஊற்றுவார், அதில் ஏறக்குறைய 4, 5 கிராம்தான் இருக்கும். சாப்பாட்டோடு குடித்தால் பலருக்கு ஒன்றும் ஆகாது. காலையில் பசியாறாமல் வெறும் வயிற்றில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் இன்னொன்று என்று போனால் வயிறு பேசத்தான் செய்யும். ஒரு தந்திரம்: தே தாரிக்கில் ‘கூராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) என்று சொன்னால் டின்பாலே குறையும், ஏனென்றால் இனிப்பு அதிலிருந்துதான் வருகிறது. இனிப்பில்லாத டின்பாலும் சீனியும் போடும் தே சி-யில் அப்படிச் சொன்னால் சீனி மட்டும்தான் குறையும், பால் அப்படியே இருக்கும்! செம்பனை எண்ணெய் கலந்த கிரீமர் டின்னிலும் பால் பொருள் உண்டு, அது பால் இல்லை என்று ஏமாற வேண்டாம். மோசமான நாளில் தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர்.

என் எட்டு மாதக் குழந்தைக்குப் பால் மாவு கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பு. இதுவும் அதுதானா?

இல்லம்மா. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு எல்லாம் பால் புரதத்தால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அந்தப் புரதம் இருக்கும், கொடுத்துப் பார்க்காதீர்கள். அந்த மாவை நிறுத்திவிட்டு இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், மூச்சு இரைத்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

தயிர், நெய், சீஸ்?

நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். செடார் போன்ற பழகிய சீஸும் அப்படித்தான். வீட்டில் உறைய வைத்த தயிரில் கொஞ்சம் வேலையை பாக்டீரியா செய்துவிடும், மோர் இன்னும் லேசு.

செண்டோல் சாப்பிடலாமா?

தாராளமாக. செண்டோலில் ஊற்றுவது தேங்காய்ப்பால், அதில் லாக்டோஸ் கிடையாது. சீவிய ஐஸில் செய்யும் ஐஸ் காச்சாங் மேல் ஊற்றுவது பெரும்பாலும் டின்னில் வரும் சூசு சாயிர், அதுவும் மாட்டுப்பால்தான், அங்கே பார்த்து.

டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

முதலில் இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள், அப்புறம் அரை டம்ளர் குடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் சோதனை இருக்கிறது.

பாலை நிறுத்தினால் எலும்பு என்ன ஆவது என்று மாமியார் கேட்கிறார்.

நல்ல கேள்வி, மாமியாரிடம் சொல்லுங்கள். நெத்திலியை முள்ளோடு வறுத்துச் சாப்பிடுங்கள், அந்த முள்தான் சுண்ணாம்புச் சத்து. கேழ்வரகு, முருங்கைக்கீரை, தவு (சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி) எல்லாம் சேருங்கள். சோயாப் பால் வாங்கினால் கால்சியம் சேர்த்ததா என்று டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், கடையில் பையில் கட்டித் தரும் சோயாப் பாலில் அவ்வளவு இருக்காது.

கல்யாண வீட்டுப் பாயசத்துக்கு மாத்திரை உண்டாமே?

உண்டு, பார்மசியில் லாக்டேஸ் மாத்திரை கேளுங்கள். விருந்து முடித்துக் கை கழுவிவிட்டு வந்து போட்டால் பயனில்லை, முதல் வாய் பாயசத்தோடு போட வேண்டும்.