ஆதிக்கடலின் பெருவேட்டையாளர்கள்: கேள்வி பதில்

கேள்வி: மெகலடான் சுறா ஆழ்கடலில் இன்னும் உயிரோடு இருக்கலாம் அல்லவா?

இல்லை. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய்விட்டது. சுறா ஆயுள் முழுவதும் பல்லை உதிர்த்துக்கொண்டே இருக்கும். இன்றும் அது திரிந்தால் புதிய வெள்ளைப் பற்கள் சிக்கியிருக்க வேண்டும்; கிடைப்பவை எல்லாம் கல்லானவை. 1870களில் 'சேலஞ்சர்' என்ற ஆய்வுக் கப்பல் கடலடியிலிருந்து வாரியெடுத்த மெகலடான் பற்களுக்கு, மேலே படிந்திருந்த மாங்கனீசின் தடிமனை வைத்து 1959இல் ஒருவர் வெறும் 11,000 ஆண்டு வயது போட்டார். மாங்கனீசு ஒரே வேகத்தில் படிவதில்லை. கணக்கு விழுந்தது, வதந்திதான் விழவில்லை.

கேள்வி: மோசசாரஸ் எவ்வளவு பெரிய டைனோசர்?

டைனோசரே அல்ல. கடலில் வாழ்ந்த ஊர்வன, உடும்புக்கும் பாம்புக்கும் உறவு. வாயைத் திறந்தால் தாடைப் பற்கள் போக, மேலண்ணத்திலும் கொக்கி போல வளைந்த பற்கள் தெரியும். கவ்விய இரையை நழுவ விடாமல் தொண்டைக்குள் தள்ளுவதற்கு.

கேள்வி: லியோப்ளூரோடான் 25 மீட்டராமே?

இந்தக் கடல் ஊர்வனவுக்கு அந்த நீளத்தை 1999இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் கிளப்பிவிட்டது. எலும்புகள் காட்டுவது ஏழு மீட்டர் அளவில்தான். எந்த விலங்குக்கும் நீளம் சொன்னால், எந்த எலும்பை அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: மரியானா அகழியில் மெகலடான் ஒளிந்திருக்கலாமே?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 2025 ஆய்வு மெகலடானுக்கு 24 மீட்டர் தருகிறது. நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள், ஐயா?

பெல்ஜியத்தில் ஒரே சுறாவின் முதுகெலும்புத் தொடர் கிடைத்தது. தொடர் மட்டுமே 11 மீட்டர். அதில் மிகப் பெரிய முள்ளெலும்பின் விட்டம் 15.5 செ.மீ. தலையையும் வாலையும் சேர்த்து அந்தச் சுறாவுக்கு 16.4 மீட்டர் என்கிறது ஆய்வு. டென்மார்க்கில் தனியாகக் கிடைத்த முள்ளெலும்பு 23 செ.மீ. இப்போது 23ஐ 15.5ஆல் வகுத்து 16.4ஆல் பெருக்குங்கள். 24.3 வரும். முழுக்க விகிதக் கணக்கு.

கேள்வி: அப்படியானால் ஆய்வே தவறு என்கிறீர்களா?

நான் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. வெள்ளைச் சுறாவைப் போலத் தடித்த உடலல்ல, ஒல்லியாக நீண்ட உடல் என்று அதே ஆய்வு சொல்வதை ஏற்கிறேன். ஆனால் 16 மீட்டருக்குப் பின்னால் ஒரு முதுகெலும்புத் தொடரே இருக்கிறது. 24 மீட்டருக்குப் பின்னால் ஓர் எலும்பும் ஒரு பெருக்கலும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கேள்வி: நான் விடமாட்டேன். பற்கள் 18 செ.மீ. வரை இருக்கின்றனவே?

பல்லை நம்பி ஏமாந்த கதை நியூயார்க்கில் நடந்தது. 1909இல் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ஒரு தாடையை அமைத்தார்கள். ஓரத்துப் பற்கள் சிறியவை என்பதைக் கவனிக்காமல், சுற்றிலும் முன்பல் அளவிலேயே அடுக்கினார்கள். தாடை மூன்றில் ஒரு பங்காவது பெருத்துவிட்டது. உள்ளே ஆறு பேர் நின்று படம் வேறு எடுத்துக்கொண்டார்கள். தாடையில் எந்த இடத்துப் பல் என்று சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

கேள்வி: டங்கிளியோஸ்டியஸ்?

இந்தப் பழங்காலக் கவச மீன், 2023 மறு அளவீட்டில் சுமார் 3.4 மீட்டராகச் சுருங்கியது. பல்லே கிடையாது, கத்தி போன்ற தாடையெலும்புதான்.

கேள்வி: இணையத்தில் மெகலடான் பல் வாங்கலாமா?

போலிகள் ஏராளம். ஒட்டுப்போட்டு முழுமையாக்கியவை அதைவிட ஏராளம். விற்பவரே சொல்லும் நீளத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: மெகலடானைத் திமிங்கலம் வெல்லுமா?

சண்டைப் போட்டிகளுக்கு நான் நடுவர் அல்ல. பெருவில் 2008இல் கண்டெடுத்த லிவியாட்டன் என்ற திமிங்கலத்துக்கு 36 செ.மீ. பற்கள் இருந்தன, மெகலடான் காலத்தில் வாழ்ந்தது. மீதியை நீங்களே கற்பனை செய்யுங்கள்.

கேள்வி: பெரம்பலூரில் கிடைத்தவை டைனோசர் முட்டைகளா?

2020இல் பரபரப்பான குன்னம் உருண்டைகள்தானே? முட்டை அல்ல, அம்மோனைட் என்ற அற்றுப்போன சுருள் ஓட்டுக் கடலுயிரைச் சுற்றி இறுகிய படிவு. ஆனால் அந்த வட்டாரம் டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது உண்மை. இக்தியோசார் என்ற மீன் வடிவக் கடல் ஊர்வனவின் எலும்புகளே கிடைத்திருக்கின்றன. 1879இல் தொல்லுயிரியலாளர் லைடெக்கர் அவற்றை விவரித்தார். பின்னாளில் அதே வட்டாரத்துக் காரை என்ற பாறைப் படிவிலும் இக்தியோசாரின் எச்சங்கள் கிடைத்தன. அங்கே போனால் தோண்டாதீர்கள். இடத்தோடு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.